மாமனாருக்கு வாங்கிய ரேடியோ ஸ்கேனர் வாயே திறக்க மாட்டேன் என்கிறது

1 | நைல்ஸ் மருமகன், ஃப்ரீமாண்ட்

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

மாமனார் ஆறு மாதம் எங்களோடு தங்க வந்திருக்கிறார். மதுரைக் கோட்டத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நானும் மனைவியும் வேலைக்குப் போய்விட்டால் மாலை வரை அவருக்கு ஜன்னல்தான் துணை. ஃப்ரீமாண்டில் நாங்கள் இருக்கும் நைல்ஸ் பக்கம் ரயில் பாதை நடந்து போகிற தூரம். தினமும் போய் நின்று கூட்ஸ் வண்டிகளை எண்ணிவிட்டு வருகிறார். "டிரைவரும் கன்ட்ரோலரும் பேசிக்கொள்வதைக் கேட்க வழி இருக்கிறதா மாப்பிள்ளை?" என்று ஒருநாள் கேட்டார். நான்கு பேரை விசாரித்துவிட்டு யூனிடென் பியர்கேட் பிசி125ஏடி என்ற கையடக்க ஸ்கேனரை (பல அலைவரிசைகளை மாற்றி மாற்றிக் கேட்கும் ரேடியோ) வாங்கினேன்.

மூன்று நாள் ஆயிற்று. ஒன்று, 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல். இல்லாவிட்டால் மயான அமைதி. இணையத்தில் பார்த்த 770 சொச்சம் அலைவரிசையைத் தட்டினால் ஏற்றுக்கொள்ள மறுக்கிறது. 500 சேனலும் நிரப்பிய ஒரு கோப்பைத் தரவிறக்கினேன். மடிக்கணினியோ ஸ்கேனரைக் கண்டுகொள்ளவே இல்லை. கேபிள் மாற்றியதும் ஏறிவிட்டது. ஆனால் ஸ்கேன் ஓட ஆரம்பித்தால் வானிலை வாசிக்கும் ஒருவரிடம் போய் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறது.

கடையில் வாங்கிய சாதாரண பென்சில் பேட்டரி இரண்டைப் போட்டு ராத்திரி முழுக்க யூஎஸ்பியில் சொருகி வைத்தேன். காலையில் பார்த்தால் ஏதோ பிசுபிசுவென்று வழிந்திருக்கிறது. கருவியே மோசமா, ஆள்தான் மோசமா?

2 | ஆன்டெனா அழகர், ஹூஸ்டன்

ஆள்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மற்றதெல்லாம் அப்புறம், முதலில் பேட்டரியைக் கவனியுங்கள். பேட்டரிக் குழிக்குள் குட்டியாக ஒரு ஸ்விட்ச் இருக்கும். ஒரு பக்கம் ஆல்கலைன், மறு பக்கம் சார்ஜ் ஏறும் நிக்கல் வகை. உள்ளே எதைப் போட்டிருக்கிறீர்கள் என்று கருவிக்குத் தெரியாது, ஸ்விட்ச் சொல்வதைத்தான் நம்பும். உங்களுடையது சார்ஜ் பக்கம் இருந்திருக்கும். ஆல்கலைனில் மின்சாரத்தை ஏற்றினால் சூடாகும், கசியும், சில சமயம் வெடிக்கவும் செய்யும். வழிந்திருப்பது காரம். வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, சார்ஜ் ஏறும் பேட்டரி வாங்கிப் போடுங்கள்.

இரைச்சலுக்கும் அமைதிக்கும் காரணம் ஸ்குவெல்ச், அதாவது இரைச்சலை அடைத்து வைக்கும் கதவு. அந்தக் குமிழை இடது பக்கம் கடைசி வரை திருப்பினால் இரைச்சல் கொட்டும். அங்கிருந்து மெல்ல வலது பக்கம் கொண்டுவாருங்கள். இரைச்சல் எங்கே நிற்கிறதோ அதிலிருந்து ஒரு நூல் தள்ளி விட்டுவிடுங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் இரைச்சலுக்குப் பயந்து ஒரேயடியாகத் திருகிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பக்கத்துத் தெருவில் பேசினால்தான் கதவு திறக்கும்.

வானிலைக்காரர் மனிதரே இல்லை, கணினிக் குரல். அமெரிக்க அரசின் வானிலை ஒலிபரப்பு 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசைகளில் இருபத்துநாலு மணி நேரமும் ஓடும். பேச்சு நின்றால்தான் ஸ்கேனர் அடுத்த சேனலுக்குப் போகும். நிற்காத பேச்சைப் பட்டியலில் வைத்திருந்தால் அது என்ன செய்யும்? அந்தச் சேனலில் நிற்கும்போது லாக்அவுட் விசையை ஒருமுறை தட்டினால் கருவியை அணைத்து எழுப்பும் வரை தாண்டிப் போகும். அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் நிரந்தரமாகத் தாண்டும். விமான நிலையங்களின் ஏடிஐஎஸ் என்ற தானியங்கி அறிவிப்பும் இதே கதைதான், ஒரே பதிவு சுற்றிக்கொண்டே இருக்கும்.

அப்புறம், அந்த 500 சேனல் கோப்பைத் தூக்கிக் கடாசுங்கள். யாரோ எந்த ஊருக்கோ போட்ட பட்டியல் உங்களுக்கு எதற்கு?

3 | ஸ்காபரோ சுதன், டொரான்டோ

அழகர் அண்ணை சொன்னது சரி. அந்தக் கேபிள் விஷயத்தில் நானும் ஒரு கிழமை மண்டையைப் போட்டு உடைத்திருக்கிறேன். பழைய கைபேசியோடு வந்த கேபிள் சிலதில் சார்ஜுக்கான இரண்டு கம்பிதான் இருக்கும், தரவு போகிற கம்பியே இராது. வெளியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

770 ஏன் ஏறவில்லை என்றால், இந்த ஸ்கேனருக்கு அந்தப் பக்கம் காதே இல்லை. 25 முதல் 54, 108 முதல் 174, 225 முதல் 380, 400 முதல் 512 மெகாஹெர்ட்ஸ். அவ்வளவுதான். நீங்கள் தேடியது போலீஸா?

4 | நைல்ஸ் மருமகன், ஃப்ரீமாண்ட்

ஆமாம். ரயிலோடு போலீஸ், தீயணைப்பு எல்லாம் கேட்கலாம் என்று நினைத்தேன். 'ட்ரங்கிங்', 'பி25' என்று ஏதேதோ போட்டிருந்தார்கள், ஒன்றும் விளங்கவில்லை. பேட்டரி ஸ்விட்ச் நீங்கள் சொன்ன மாதிரியேதான் இருந்தது. வெட்கமாக இருக்கிறது.

5 | ஆன்டெனா அழகர், ஹூஸ்டன்

ட்ரங்கிங்கை உங்கள் மாமனாருக்குச் சொல்லிப் பாருங்கள், உங்களுக்கு முன்னால் அவருக்குப் புரியும். பெரிய ஜங்ஷன் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி எண் மாறாது, பிளாட்பாரம் மட்டும் அன்றன்றைக்கு எது காலியோ அது. எந்த வண்டி எந்தப் பிளாட்பாரம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். வண்டி எண்ணுக்குப் பதில் 'டாக் குரூப்' (சேர்ந்து பேசும் குழு), பிளாட்பாரத்துக்குப் பதில் அலைவரிசை, அறிவிப்புக்குப் பதில் 'கன்ட்ரோல் சேனல்'. சாதாரண ஸ்கேனர் மூன்றாம் பிளாட்பாரத்தில் குத்தவைத்துக் காத்திருக்கும். பேச்சின் முதல் வரி அங்கே வரும், பதில் ஆறாம் பிளாட்பாரத்தில் போய்விடும். ட்ரங்கிங் ஸ்கேனர் அறிவிப்பைக் கேட்டு வண்டியோடு ஓடும்.

பி25 என்பது அதற்கும் மேலே. குரலையே எண்களாக்கி அனுப்புகிறார்கள். அனலாக் கருவி அதே அலைவரிசைக்குப் போனாலும் மாவு மில் ஓடுகிற சத்தம்தான் கேட்கும்.

6 | சன்னிவேல் சாந்தி

உங்கள் பக்கத்து ஊர்க்காரி என்பதால் நானும் சொல்கிறேன். நம் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் போலீஸ், தீயணைப்பு வானொலிக்குத் தெற்கே சான்டா கிளாரா கவுன்டியில் எஸ்விஆர்சிஎஸ், கிழக்கே அலமேடா, கான்ட்ரா கோஸ்டா கவுன்டிகளில் ஈபிஆர்சிஎஸ் என்ற அமைப்புகள். இரண்டும் பி25 ட்ரங்கிங். உங்கள் 125க்கு அந்தக் கதவு இல்லை.

அதிக விலைக்கு வாங்கினால் மட்டும் போலீஸ் கேட்குமா என்றால், பெரும்பாலும் கேட்காது. 2020 அக்டோபரில் கலிபோர்னியா நீதித் துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. பொதுமக்களின் சொந்த விவரங்கள் வானொலியில் வெளியே போகக்கூடாது என்று. அதைச் சொல்லிப் பல ஊர்கள் மொத்தப் பேச்சையும் மறையாக்கம் செய்துவிட்டன. பாலோ ஆல்டோ 2021 ஜனவரியில் மூடியது, எதிர்ப்பு கிளம்பி 2022இல் திறந்தது. அப்படித் திறந்த ஊர்கள் குறைவு. மறையாக்கம் செய்ததை எந்த ஸ்கேனரும் அவிழ்க்காது. நூறு டாலர் கருவிக்கும் எழுநூறு டாலர் கருவிக்கும் அங்கே ஒரே மௌனம்தான்.

நான் யூனிடெனின் எஸ்டிஎஸ்100 என்ற டிஜிட்டல் ஸ்கேனர் வைத்திருக்கிறேன். ஆனால் வாங்கியது போலீஸுக்காக இல்லை. 2020 ஆகஸ்டில் ஒரே இரவில் அத்தனை இடி, மின்னல். அதில் பற்றிய காட்டுத்தீ இரண்டு பக்க மலையிலும் எரிந்தது. சான்டா குரூஸ் பக்கம் எரிந்தது மட்டும் 86,000 ஏக்கருக்கு மேல். வானம் ஆரஞ்சு நிறத்தில் இருந்த நாட்களில் தொலைக்காட்சியை விட கால்ஃபயர் (மாநிலத் தீயணைப்புத் துறை) வானொலிதான் எனக்கு நிலவரம் சொன்னது. அப்போது என் கையில் இருந்தது இரவல் வாங்கிய உங்கள் 125தான்! கால்ஃபயர் இன்னும் அனலாக், 151 மெகாஹெர்ட்ஸ் பக்கம். அதற்கு அந்தக் கருவி தாராளம்.

7 | ஸ்காபரோ சுதன், டொரான்டோ

சாந்தி அக்கா சொன்ன எஸ்டிஎஸ்100 பற்றி ஒரு வார்த்தை. நான் முதலில் அதற்கு முந்தைய டிஜிட்டல் மாடல் வைத்திருந்தேன். வானொலிக் கோபுரம் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும், சிக்னல் பட்டை முழுசாக நிற்கும், பேச்சோ வெட்டி வெட்டி வரும். காரணம் சைமல்காஸ்ட். பல கோபுரங்கள் ஒரே பேச்சை ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் அனுப்பும். ஊர்த் திருவிழாவில் தெரு நெடுகக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்களே. ஒன்றுக்குக் கீழே நின்றால் பாட்டு தெளிவு. இரண்டுக்கும் நடுவில் நின்றால் ஒன்று முந்தி ஒன்று பிந்தி, சொல் சட்டென்று பிடிபடாது. மனிதக் காது சமாளித்துவிடும், பழைய டிஜிட்டல் ஸ்கேனர் குழம்பிவிடும். 2018இல் வந்த எஸ்டிஎஸ்100 அந்தக் குழப்பத்தைச் சமாளிக்கவென்றே செய்தது. கொஞ்சம் விலகி இருக்கிற கோபுரத்தைப் பார்த்து ஆன்டெனாவைத் திருப்பினால் பழைய கருவியும் சில நேரம் பேசும், ஆனால் அது தினமும் செய்கிற வேலை இல்லை.

மருமகனுக்கு இது தேவையில்லை. ரயிலுக்கு 125 போதும். மென்பொருளில் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி ஒரே தடவையில் ஏற்றுங்கள், பத்து நிமிட வேலை.

8 | ஆன்டெனா அழகர், ஹூஸ்டன்

சுதன் தம்பி, இந்த இடத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் பத்து சேனலையாவது கையால் போட வேண்டும். ஹோல்டு, சேனல் எண், மறுபடி ஹோல்டு, மெனுவுக்குள் போய் அலைவரிசை, பெயர், டோன், தாமதம். பத்து தடவை செய்தால் கருவி கைக்குள் வந்துவிடும். மென்பொருளில் ஏற்றுகிறவர்கள் ஒரு சேனல் தப்பானால்கூட மடிக்கணினியைத் தேடி ஓடுகிறார்கள். ரயில் பாதை ஓரத்தில் நிற்கும்போது மடிக்கணினி எங்கே இருக்கும்?

9 | ஸ்காபரோ சுதன், டொரான்டோ

அண்ணை, அந்தக் குட்டிப் பொத்தான்களில் ஒரு பெயரைத் தட்டுவதற்குள் விடிந்துவிடும். பெயர் இல்லாத சேனல் பேசினால் யார் பேசுகிறார் என்று எப்படித் தெரியும்? கையால் போடுகிறவர்கள் பெயர் போடுவதே இல்லை. எல்லாம் வெறும் இலக்கம். நீங்கள் போட்டிருக்கிறீர்களா, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கோ.

10 | ஆன்டெனா அழகர், ஹூஸ்டன்

பாதிக்குப் போட்டிருக்கிறேன்.

11 | நைல்ஸ் மருமகன், ஃப்ரீமாண்ட்

சண்டை வேண்டாம். ரயிலுக்கு எந்த அலைவரிசை என்று யாராவது சொல்லுங்கள். 'சர்வீஸ் சர்ச்' என்ற வசதியில் ரயில்ரோடு என்று ஒன்று இருக்கிறது, அதை ஓடவிட்டேன். நேற்று ஒருமுறை ஏதோ பேச்சு வந்து போனது. எந்த இடம் என்று பார்ப்பதற்குள் ஓடிவிட்டது.

12 | ஆன்டெனா அழகர், ஹூஸ்டன்

அமெரிக்க ரயில்வேக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. யாரும் அலைவரிசை சொல்ல மாட்டார்கள், சேனல் எண்தான் சொல்வார்கள். நாடு முழுக்க ஒரே எண் வரிசை. 7ஆம் சேனல் 160.215. அங்கிருந்து சேனலுக்கு 0.015 கூட்டிக்கொண்டே போனால் 97ஆம் சேனல் 161.565. 47 எது? நாற்பது படி, 0.6 கூட்டினால் 160.815. உங்கள் மாமனார் மனக்கணக்கிலேயே சொல்வார்.

இதில் ஒரு வசதி இருக்கிறது. பிசி125இல் பத்து வங்கி (சேனல் தொகுப்பு), வங்கிக்கு ஐம்பது சேனல். ரயில்வே சேனல் எண் என்னவோ அதே எண்ணில் ஸ்கேனரிலும் போடுங்கள். 7ஐ 7இல், 97ஐ 97இல். முதல் இரண்டு வங்கியில் முடிந்துவிடும். பெயர் போட வேண்டிய வேலையே இல்லை, எண்ணே பெயர். (சுதன் கவனிக்க.) 1 முதல் 6 வரை காலியாக இருக்கும், பிடித்ததைப் போட்டுக்கொள்ளலாம். ஸ்கேன் ஓடும்போது மற்ற வங்கிகளின் எண் விசைகளைத் தட்டி அணைத்துவிட்டு அந்த இரண்டு வங்கியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கேட்டால் எந்த நாலு சேனலில் நடமாட்டம் என்று தெரிந்துவிடும். மற்றதை லாக்அவுட் செய்துவிடலாம். பட்டியல் சிறுத்தால்தான் வேகமாகச் சுற்றும், பேச்சின் முதல் சொல் நழுவாது. தாமதம் இரண்டு வினாடி வையுங்கள், இல்லாவிட்டால் கேள்வி காதில் விழும், பதில் வருவதற்குள் கருவி வேறு ஊருக்குப் போயிருக்கும்.

கூடவே வந்த ரப்பர் ஆன்டெனா எல்லாவற்றுக்கும் ஓரளவு, எதற்கும் முழுசாக இல்லை. ரயிலுக்குக் கால் அலை நீளம் 46 சென்டிமீட்டர் சொச்சம். பிஎன்சி முனையுள்ள நீட்டிச் சுருக்கும் ஆன்டெனா வாங்கி அந்த அளவுக்கு நீட்டிக்கொள்ளுங்கள். ஜன்னல் ஓரமாக, எல்இடி விளக்குக்கும் சார்ஜருக்கும் தள்ளி. பணம் செலவழிக்க வேண்டிய இடம் ஆன்டெனாதான், கருவி இல்லை.

13 | பரங்கிமலை, சென்னை

அழகர் சார், விமானத்துக்கு?

14 | ஆன்டெனா அழகர், ஹூஸ்டன்

118 முதல் 137. அது எஃப்எம் இல்லை, ஏஎம். மோடு ஆட்டோவில் இருந்தால் கருவியே பார்த்துக்கொள்ளும். யாராவது மாற்றி எஃப்எம்மில் வைத்துவிட்டால் பேச்சு வாயில் துணி திணித்த மாதிரி வரும். மருமகன் ஊர்ப் பக்கம் சான் பிரான்சிஸ்கோ விமான நிலைய டவர் 120.5இல் இருக்கிறது. ஆனால் ஃப்ரீமாண்டில் உட்கார்ந்து கேட்டால் விமானி பேசுவது மட்டும் வரும், டவர் வராமல் போகலாம். விமானம் உயரத்தில் இருக்கிறது, டவர் தரையில் இருக்கிறது. இந்த அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில்தான் போகும். பாதிப் பேச்சுதான் கேட்கிறது, கருவி கெட்டுவிட்டது என்று அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

15 | சன்னிவேல் சாந்தி

கப்பலும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடல் 16ஆம் சேனல், 156.800, அவசர அழைப்புக்கு. வளைகுடாவுக்குள் வருகிற பெரிய கப்பல்கள் 14ஆம் சேனலில், 156.700இல், கடலோரக் காவல்படையின் போக்குவரத்து மையத்தோடு பேசும். எந்தப் பாலத்துக்குக் கீழே எப்போது வரும் என்று நேரம் சொல்வார்கள். ஸ்டேஷன் மாஸ்டருக்குப் பிடிக்கும்.

கால்ஃபயருக்கு டோன் விஷயம் மட்டும் எச்சரிக்கை. ஒரே அலைவரிசையைப் பல மலை உச்சிகளில் உள்ள ரிப்பீட்டர்கள் (பேச்சை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையங்கள்) பகிர்ந்துகொள்ளும். எந்த உச்சி எழ வேண்டும் என்று காதுக்கு எட்டாத மெல்லிய டோன் ஒன்று சொல்லும். டோன் 1 என்றால் 110.9 ஹெர்ட்ஸ், 2 என்றால் 123.0, 3 என்றால் 131.8. தப்பான டோனைப் போட்டுவிட்டால் சேனல் செத்த மாதிரி இருக்கும், பேச்சு நடந்துகொண்டேதான் இருக்கும். நான் தீ மூட்டத்தில் இரண்டு நாள் அப்படி இழந்தேன். முதலில் டோனே இல்லாமல் வையுங்கள். யார் யார் வருகிறார்கள் என்று தெரிந்த பிறகு பூட்டுங்கள்.

நெடுஞ்சாலைப் போலீஸ் மட்டும் நம் மாநிலத்தில் விசித்திரம். இன்னும் 39 முதல் 45 மெகாஹெர்ட்ஸ் வரை பழைய தாழ் அலைவரிசையையும் வைத்திருக்கிறார்கள். 125இல் வரும், ஆனால் 42க்குக் கால் அலை நீளமே 1.78 மீட்டர். விரல் நீள ரப்பரை வைத்துக்கொண்டு எதிர்பார்க்காதீர்கள்.

16 | பரங்கிமலை, சென்னை

எனக்கும் ஒன்று வாங்கிவர மச்சானிடம் சொல்லலாம் என்று இருக்கிறேன். விமானம் தலைக்கு மேலே போகிற வீடு. ஒன்றும் பிரச்சினை வராதே?

17 | ஆன்டெனா அழகர், ஹூஸ்டன்

தயவுசெய்து வேண்டாம். அமெரிக்காவில் வீட்டில் உட்கார்ந்து கேட்பது பெரும்பாலும் குற்றமில்லை. அங்கேயும் கைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்பதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது, 1994 ஏப்ரலுக்குப் பிறகு செய்த ஸ்கேனர்களில் அந்த அலைவரிசைகளையே அடைத்துவிட்டார்கள். நியூயார்க் மாதிரி சில மாநிலங்களில் காரில் வைத்துக்கொண்டு போவதற்கே கட்டுப்பாடு. கேட்டதை வைத்துக் குற்றத்துக்கு உதவினால் கலிபோர்னியாவிலும் மாட்டிக்கொள்வீர்கள்.

இந்தியா வேறு. 1933ஆம் ஆண்டுச் சட்டம் உரிமம் இல்லாமல் வயர்லெஸ் கருவியை வைத்திருப்பதையே தடுத்தது. 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் வானொலிக் கருவி வைத்திருக்க அங்கீகாரம் கேட்கிறது. மச்சானைச் சுங்கத்தில் நிறுத்தி வைக்காதீர்கள். ஆசை இருந்தால் ஹாம் (அமெச்சூர் வானொலி) தேர்வு எழுதுங்கள், 12 வயதானாலே எழுதலாம். 2004 சுனாமி அன்று போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் அம்மையார் கருவியோடு இருந்தார். தொலைபேசி எல்லாம் அறுந்து கிடந்தபோது அந்தமான் செய்தியை வெளியே கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். கேட்பதோடு நிற்காமல் பேசவும் உரிமை கிடைக்கும் வழி அது.

18 | பரங்கிமலை, சென்னை

புரிந்தது. மொட்டை மாடியும் கண்ணும் போதும் இப்போதைக்கு.

19 | நைல்ஸ் மருமகன், ஃப்ரீமாண்ட்

செய்தி சொல்ல வந்தேன்.

சனிக்கிழமை நான் சாமான் வாங்கப் போயிருந்தேன். கிளம்புவதற்கு முன் அழகர் சார் எழுதிய ரயில்வே சேனல் பதிவை மாமனாரிடம் படித்துக் காட்டியிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் மேசையில் ஸ்கேனர், பக்கத்தில் கோடு போட்ட நோட்டு. சேனல், அலைவரிசை, சரிபார்த்ததற்கு டிக். கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்திருக்கிறார், ரயில்வே விதிப் புத்தகம் படிக்கிற மாதிரி. 7 முதல் 97 வரை, தொண்ணூற்றொரு சேனலையும் கையாலேயே போட்டுவிட்டார். இரண்டு இடத்தில் எண் தப்பி, தானே கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறார். "கம்ப்யூட்டர்ல பத்து நிமிஷ வேலையாம் மாமா" என்றேன். "எனக்கு எங்க போகணும் இப்போ?" என்றார்.

அன்று சாயங்காலம் நான்கு சேனலில் பேச்சு வந்தது.

20 | ஸ்காபரோ சுதன், டொரான்டோ

நான் தோற்றுவிட்டேன். ஐயாவுக்கு என் வணக்கம்.

21 | நைல்ஸ் மருமகன், ஃப்ரீமாண்ட்

இன்னும் இருக்கிறது. பாதையில் வேலை செய்கிற ஆட்களுக்கு டிஸ்பாட்சர் (நம் ஊர் கன்ட்ரோலர் மாதிரி) ஒரு உத்தரவு சொல்கிறார். எந்தப் பாதை, எங்கிருந்து எங்கே, எத்தனை மணி வரை என்று. கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்கிறார், டிஸ்பாட்சர் சரி என்கிறார். மாமனார் எழுந்து நின்றுவிட்டார். "இதேதான், நாங்களும் கேட்கீப்பரிடம் சொல்லிவிட்டு, சொன்னதை உறுதிப்படுத்தும் பிரைவேட் நம்பர் வாங்கி எழுதிக்கொண்டுதான் போனை வைப்போம்" என்றார். அமெரிக்க ஆங்கிலம் பாதி புரியவில்லை என்று சொன்னவர், அந்த உத்தரவில் ஒரு சொல் விடாமல் சொன்னார். அடுத்து என்ன வரும் என்று அவருக்குத்தான் தெரியுமே.

அப்புறம் ஒரு குரல். மைல் எண் சொல்லி, குறை எதுவும் இல்லை என்று சொல்லி, மொத்த ஆக்சில் (சக்கர அச்சு) எண்ணிக்கை சொல்லி முடிக்கிறது. "டியூட்டியில் யார், இவ்வளவு சுத்தமாகப் பேசுகிறார்?" என்று கேட்டார். பாதையோரத்தில் வைத்திருக்கும் கருவி, சூடான ஆக்சிலைக் கண்டுபிடித்துத் தானே வானொலியில் சொல்லும் என்று தேடிப் பார்த்துச் சொன்னேன். முகம் கொஞ்சம் வாடிவிட்டது. "மெஷினா? எங்களில் வண்டி போகும்போது ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்து நின்று பார்ப்பார். ஏதாவது புகைகிறதா, தொங்குகிறதா என்று."

இப்போது அந்த மெஷினோடு ஒரு வழக்கு. நேற்று ஒரு கண்டெய்னர் வண்டி போனபோது இவர் பாதையோரமாக நின்று எண்ணினார். வேகனுக்கு நான்கு, எஞ்சினுக்கு ஆறு என்று கணக்குப் போட்டால் மெஷின் 24 ஆக்சில் குறைத்துச் சொல்கிறதாம். மெஷின்தான் தப்பு என்று அடித்துச் சொல்கிறார். இதற்கு யாரிடம் போவது?

22 | ஆன்டெனா அழகர், ஹூஸ்டன்

இரண்டு பேரும் சரி. கண்டெய்னரை இரண்டு அடுக்காக ஏற்றும் வேகன்களில் ஐந்தைந்தாகப் பிணைத்த வகை உண்டு. பக்கத்து வேகனோடு ஒரே போகியை (இரண்டு ஆக்சில் பூட்டிய அடிச்சட்டம்) பகிர்ந்துகொள்ளும். ஐந்து பெட்டிக்குப் பத்து போகி இராது, ஆறுதான். ஆக்சில் 12. ஐயா இருபது என்று எண்ணியிருப்பார். ஒரு கோர்வைக்கு எட்டு வித்தியாசம். 24 என்றால் அந்த மாதிரி மூன்று கோர்வை வந்திருக்கலாம். பெட்டிகள் சேருமிடத்தில் அடியில் ஒரே போகி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

23 | நைல்ஸ் மருமகன், ஃப்ரீமாண்ட்

படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. நோட்டையும் ஸ்கேனரையும் எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.